மூன்றாவது சுரம்

ஞாயிற்றுக்கிழமை காலை, என் கணவரின் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவி விழுந்தது. "கண் எங்கை இருக்கு உங்களுக்கு?" என்று ஏசிக்கொண்டே துடைக்கக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. சுகமாக இருந்தபோது அவர் கேட்ட என் கடைசிப் பேச்சு அந்த ஏச்சுத்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு. நாங்கள் ஊரைவிட்டு, இந்த ஐரோப்பிய நகரமான வின்டர்தூருக்கு வந்து இரண்டு வருடம். அவர் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். வயது நாற்பத்தொன்று. பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு, உடலின் ஒரு பக்கம் இயங்காமல் போவது) என்றார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. அதைவிடப் பெரிய இடி அஃபேசியா (பிறர் பேசுவது விளங்கும், ஆனால் சொல்ல நினைத்த சொல் வாய்க்கு வராது). கணவரின் தம்பி ரவிதான் வைத்தியர் சொன்னதையெல்லாம் எனக்கு மொழிபெயர்த்தான்.

மூன்று கிழமையில் மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். இரண்டு கட்டில் உள்ள அறை. மற்றக் கட்டிலில் ஒரு கிழவர், இசையமைப்பாளர். தாதிமார் அவரை "மாயெஸ்ட்ரோ" (இசை மேதை) என்றார்கள். எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவராம். வயலின்களுக்கும் பாடகர் குழுக்களுக்கும் ஐம்பது வருடம் எழுதியவராம். ஒரேயொரு ஒபரா (முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம்) எழுதினாராம். அது இரண்டு தடவைக்கு மேல் மேடையேறவில்லையாம். அந்தக் கோபத்தில் பிறகு அவர் நாடக அரங்குப் பக்கமே போகவில்லையாம். தாதி இதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

அவருக்கும் அதே வருத்தம், அதே அஃபேசியா. "தண்ணீர்" என்ற சொல்கூட வராது. ஆனால் இசை அப்படியே இருந்தது. இடது கையால் கோணல்மாணலாகச் சுரங்களை எழுதினார். மாணவர்கள் வந்து அந்தத் தாள்களைப் பக்குவமாக வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எழுபத்தைந்து வயதுவரை வாழ்ந்துவிட்ட மனிதருக்கு நோய் ஒன்றை விட்டுவைத்திருக்கிறது. என் மனுசனுக்கு என்ன விட்டுவைத்தது? இப்படி நினைத்ததற்கு வெட்கப்பட வேண்டும். நான் வெட்கப்படவில்லை.

ஒரு பின்னேரம் சோறும் பருப்பும் கொண்டுபோனேன். கிழவர் எழுதும்போது கட்டில் சட்டத்தில் தாளம் தட்டுவார். அன்றைக்கு என் கணவர் இடது கையால் திருப்பித் தட்டிக்கொண்டிருந்தார். கோயில் பஜனையில் தொடையில் தாளம் போட்ட கை அது. கிழவர் வேகத்தை மாற்ற, இவரும் மாற்றினார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். "ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று நான் நாள்தோறும் கெஞ்சியும் அசையாத வாய்! சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் டங்கென்று வைத்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாளே வைத்தியரிடம் போனேன்.

"அந்தக் கிழவர் பகல் முழுக்க முனகிறார், இவருக்கு ஓய்வே இல்லையெண்டு சொல்லு," என்றேன் ரவியிடம்.

"உண்மையோ அண்ணி? அண்ணை அப்பிடி ஒண்டும் காட்டேல்லையே."

"நீயோ பக்கத்திலை இருக்கிறனீ? சொல்லு."

சொன்னான். அன்றே என் கணவரை வேறு அறைக்கு மாற்றினார்கள்.

என் சந்தோசம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பாட்டை ஒதுக்கினார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தால் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கிழமை கழித்து வைத்தியர் எங்களைக் கூப்பிட்டார். முதல் மாதங்களில்தான் பேச்சு அதிகம் திரும்பும், அந்த நாட்கள் இப்படியே வீணாகின்றன என்றார். ரவி மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"நான் பொய் சொன்னனான்," என்றேன். "எரிச்சலிலை சொன்னனான். அதையும் அப்பிடியே சொல்லு."

வைத்தியர் கோபிக்கவில்லை. அன்று பின்னேரமே பழைய அறைக்குக் கொண்டுபோனார்கள். கிழவர் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். என் கணவர் அழுதுவிட்டார்.

தனியே வராத சொல் மெட்டோடு வரக்கூடும் என்றாள் பயிற்சிக்காரப் பெண். என் பெயரிலிருந்தே தொடங்கலாம் என்றாள். இத்தனை நாளும் என் படத்தைக் காட்டி அவள் கேட்டதும் என் பெயரைத்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருடக் கலியாணத்தில் அவர் ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சுகமாக இருந்தபோதே வாயில் வராத பெயர், இப்போதா வரும்?

"அப்படியென்றால் எப்படிக் கூப்பிடுவார்?" என்று ரவி மூலம் கேட்டாள்.

"இஞ்சாரும்," என்றேன். 'இங்கே பாரும்' என்பது எங்கள் பேச்சில் அப்படிச் சுருங்கியது.

கிழவர் தாளிலிருந்து நிமிர்ந்து, இன்னொரு தடவை சொல்லும்படி கையைக் காட்டினார். சொன்னேன். மூன்று சுரம் எழுதினார். முதலாவது நீண்டது, இரண்டாவது மேலே ஏறுவது, மூன்றாவது கீழே இறங்கி நிற்பது. வாய்க்குள் பாடிக் காட்டினார். அன்றிலிருந்து நாள் முழுக்க இரண்டு பேருக்கும் அதே வேலை.

பதினோராம் நாள் என் கணவர் பாடினார்: "இஞ்... சா... ரும்."

என்னைப் பார்த்தல்ல, கிழவரைப் பார்த்து. என்னைக் கூப்பிடும் சொல்லை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அழுகையும் ஆத்திரமும் எனக்கு ஒன்றாக வந்தன.

இது நடந்து மூன்று வருடமாகிறது. கிழவர் மறுவருடமே காலமானார். உங்கள் வீட்டிலும் ஒருவர் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால், அது யார் மூலம் வந்தாலும் வரட்டும் என்று விடுங்கள். பொறாமைப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே இன்னும் போகவில்லை.

என் கணவர் இப்போது தடி ஊன்றி நடக்கிறார். வலது கை, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மடியில் சும்மா இருக்கிறது. சின்னச் சின்ன வசனங்கள் பேசுகிறார். ஆனால் என்னைக் கூப்பிடுவது மட்டும் அந்த மெட்டில்தான். முன்பெல்லாம் அவர் வாயெடுக்கும்போதே திரும்பிவிடுவேன். இப்போது அப்படித் திரும்பினால் சொல் நடுவில் நின்றுவிடும், பிறகு வராது. ஆகவே சமையலறையில் நிற்கும்போது முதல் சுரம் கேட்டதும் தண்ணீர்க் குழாயைப் பூட்டுகிறேன். கிழவர் எழுதிவைத்த நீளம் முழுக்க, என் கணவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது சுரம் இறங்கிய பிறகுதான் திரும்புகிறேன்.