அக்காவுக்கும் வயது எழுபத்தொன்று

இந்த நினைவு மலர் ஒரு வருடம் பிந்தி உங்கள் கைக்கு வருகிறது. அக்காவை அடக்கம் செய்த அன்று கொரோனாக் கட்டுப்பாட்டால் பத்துப் பேருக்குத்தான் அனுமதி இருந்தது. மலர் அடித்திருந்தாலும் வாங்க ஆள் இருந்திருக்காது. இன்று ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு நீங்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள், சந்தோசம். கோபத்தைக் குறைத்து எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். மூன்று தரம் எழுதிக் கிழித்துப் பார்த்தேன். குறைகிற மாதிரி இல்லை.

அக்கா யாழ்ப்பாணத்துக் கரம்பனில் பிறந்தார். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். எனக்கும் அக்காவுக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா இறந்தபோது அக்காவுக்கு இருபது, எனக்குப் பத்து. கன்னியர் மடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து அம்மாவையும் என்னையும் பார்த்தார். பிறகு கனடாவுக்கு ஒருவர் போகலாம் என்று வந்தது. எல்லா வீடுகளிலும் ஆண்பிள்ளையைத்தான் அனுப்புவார்கள். அக்கா அம்மாவிடம், "உவனை அனுப்பி என்ன செய்யிறது? உவனுக்குச் சோறு வடிக்கவும் தெரியாது. நான் போறன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பின்னர் எங்கள் இருவரையும் கூப்பிட்டதும் அவர்தான்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹொட்டேலின் சலவைப் பகுதியில் இருபத்துநான்கு வருடம் வேலை செய்தார். ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு மூன்று பஸ் மாறிப் போய் வந்தார். அம்மா படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் அவர்தான் பார்த்தார். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு, "நேரம் கிடைக்கேல்லை" என்பார். அக்காவைப் பொறுமையின் வடிவம் என்று யாரும் எழுத வேண்டாம். மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனும் வாங்கமாட்டார். பிரசங்கம் நீண்டால் சுவாமியிடமே போய்ச் சொல்லிவிடுவார்.

அவர் இருந்தது ஸ்காபரோவில் வயதுபோன தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் ஒரு கட்டடத்தில், ஐந்தாம் மாடியில். நான் குடும்பத்தோடு அஜக்ஸில் இருக்கிறேன். கொரோனா வந்து எல்லாம் பூட்டிய முதல் கிழமை, ஏழாம் மாடியில் இருக்கும் ஒரு தம்பதியரின் மகன் பிக்கரிங்கிலிருந்து அக்காவுக்குப் போன் எடுத்தார். பெயர் எழுதமாட்டேன். வாசிக்கும்போது அவருக்கே தெரியும்.

"அன்ரி, நாங்கள் வந்தா அம்மா அப்பாக்கு இந்தக் கொரோனா வருத்தத்தைக் குடுத்திடுவம். உங்களையெண்டா காலமை சீனியர்ஸ் நேரத்தில கடைக்குள்ள விடுவினம்தானே. லைனும் இராது. சேஃபும்."

"ஓம் தம்பி, அதுக்கென்ன" என்றார் அக்கா.

அந்தப் பேச்சை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கடைகள் காலை ஏழு மணி முதல் ஒரு மணித்தியாலத்தை வயதானவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தன. அந்த வாசலால் உள்ளே போக அக்கா வயதானவர். நான்கு வீட்டுப் பால், அரிசி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது மட்டும் அவர் வயதானவர் இல்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே அவர் யாருடைய வயதுபோன அம்மாவும் இல்லை. ஏழாம் மாடியில் இருந்த கணவருக்கு அறுபத்தெட்டு, மனைவிக்கு அறுபத்தாறு. அக்காவுக்கு எழுபத்தொன்று.

ஒரு வீடு ஒரு மாதத்துக்குள் நான்கு வீடானது. இரண்டாவது, மூன்றாவது வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் மிசிசாகாவிலும் மார்க்கம் நகரிலும் இருக்கிறார்கள். நான்காவது வீடு ஒன்பதாம் மாடியில் இருக்கும் என் மாமியாருடைய வீடு. அதைக் கேட்டது நான். என் கார் வீட்டு வாசலில் நின்றது. வேலையும் வீட்டிலிருந்துதான் செய்தேன். "மாமிக்கும் சேர்த்து வாங்கிறீங்களோ அக்கா?" என்று வாய் கூசாமல் கேட்டேன். ஆகவே இந்தக் கோபத்தில் முதல் பங்கு எனக்கு. மற்றதைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் ஆறரைக்கு அக்கா பஸ் தரிப்பில் நிற்பார். இரண்டு சில்லு வைத்த இழுவை வண்டில் கையில் இருக்கும். சனம் கூடினால் பஸ் நிற்காமல் போய்விடும். அடுத்ததுக்கு நிற்பார். கடையில் ஒருவருக்கு ஒரு பொதிதான் என்றால், பொருட்களை வெளியில் வைத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்று உள்ளே போவார். வந்து ஒவ்வொரு மாடியாக ஏறி, பைகளை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, ஆறு அடி தள்ளி நிற்பார். கதவு கொஞ்சம் திறக்கும், ஒரு கை வரும், பை உள்ளே போகும்.

ஒருநாள் காதில் போன் வயரைப் போட்டு என்னோடு கதைத்தபடியே சாமான் கொடுத்துக்கொண்டு போனார். ஏழாம் மாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, உந்தக் கத்தரிக்காய் வதங்கலல்லோ? உதை மாத்திக்கொண்டு வர ஏலாதே?"

"தாங்கோ, வெள்ளிக்கிழமை பாப்பம்" என்றார் அக்கா. அந்தக் கத்தரிக்காயைத் தானே கறி வைத்துச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை வேறு கத்தரிக்காய் போனது. நான் போனில் சிரித்தேன். இப்போது நினைக்க உடம்பு எரிகிறது.

அக்காவுக்கு அந்த வேலை முழுக்கப் பிடிக்காமல் இருந்தது என்று சொன்னால் அது பொய். வீட்டுக்குள் அடைந்து கிடக்க அவரால் ஏலாது. மறுக்கத் தெரியாதவரும் அல்ல. தான் போகாவிட்டால் யாரும் போகமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதை அவர் தலையில் கட்டினோம். அவர் இறந்த பிறகு வாட்ஸ்அப்பில் "தன்னலமற்ற சேவை" என்று பூவும் மெழுகுதிரியும் அனுப்பியவர்களுக்குச் சொல்கிறேன், அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கேட்கவேண்டியதைக் கேட்டது ஒரே ஒருவர், என் மனைவி. டிசம்பரில், நத்தாருக்கு முந்தின கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"என்ர அம்மாக்கு அக்கா வாங்கிக் குடுக்கிறா. அக்காக்கு ஆர் வாங்கிக் குடுக்கினம்?"

"அக்கா நல்ல ஸ்ட்ரோங்" என்றேன் நான்.

தை மாதத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை பொசிட்டிவ் என்று சொன்னார்கள். நான்கு வீடுகளுக்கும் அவரே போன் பண்ணி, கவனமாக இருங்கள் என்று சொன்னார். அன்று பின்னேரம் பிக்கரிங் மகன் எனக்குப் போன் எடுத்தார்.

"அங்கிள், அன்ரிக்குப் பொசிட்டிவாமே. அப்ப வெள்ளிக்கிழமை கொண்டுவந்த சாமானை எறியிறதோ, வைச்சிருக்கிறதோ?"

நான் போனை வைத்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இன்று அச்சில் தருகிறேன். அன்ரிக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எறிந்திருக்கலாம் தம்பி.

"அவ ஊர் சுத்தித்தானே வருத்தத்தைத் தேடிக்கொண்டவ" என்ற கதையும் அந்தக் கிழமையே கட்டடத்தில் தொடங்கிவிட்டது. அது ரொறன்ரோ முழுக்கச் சுற்றி, கடைசியில் என் காதுக்கும் வந்தது. அக்கா சுற்றிய ஊர் இதுதான்: ஒரு பஸ், ஒரு கடை, உங்கள் நான்கு வாசல்கள். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

அக்கா தனியே அறைக்குள் இருந்தார். நான் தினமும் போன் எடுத்தேன். "எல்லாம் இருக்கடா, நீ வராதை" என்பார். வெள்ளிக்கிழமை குரல் இறங்கிவிட்டது. "தம்பி, வாயெல்லாம் கசக்குது. ஏலுமெண்டா ரெண்டு தோடம்பழம் வாங்கி வாசல்ல வைச்சிட்டுப் போறியே?" என்றார். எனக்குத் தெரிய அக்கா என்னிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

நான் கம்பியூட்டரில் ஓடர் போட்டேன். ஓரஞ்சுத் தோடம்பழம், பால், பாண், சூப். ஞாயிறு காலைதான் கொண்டுவருவார்கள் என்று வந்தது. சரி என்று அழுத்தினேன். என் மனைவி, "நீங்களே போய் வாசல்ல வைச்சிட்டு வாங்கோவன், அரை மணித்தியாலம்தானே" என்றார். ஓடர் போட்டாயிற்றே என்றேன். பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. சனிக்கிழமை அக்காவே அம்புலன்சைக் கூப்பிட்டு, தானே கதவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டடத்தின் முன்னால் பிக்கரிங்கிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. மிசிசாகாவிலிருந்தும் வந்தது, மார்க்கத்திலிருந்தும் வந்தது. நானும் மாமிக்குச் சாமான் கொண்டு போனேன். எல்லோரும் முகக்கவசம் போட்டு, பைகளை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்து மாதமாக ஏலாமல் இருந்த வேலை அது.

அக்கா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்க விடவில்லை. கடைசி நாள் ஒரு தாதி தொலைபேசியை அவர் காதருகே பிடித்தார். நான் அருள் நிறைந்த மரியே செபம் சொன்னேன். அக்காவால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன். தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு தானும் அழுத அந்தத் தாதிக்கு நன்றி. வெறும் பத்துப் பேருக்கு முன்னால் முழுப் பூசையும் குறைவில்லாமல் ஒப்புக்கொடுத்த சுவாமிக்கு நன்றி. வண்டிலை ஏற்ற அக்கா படுகிற பாட்டைப் பார்த்து, இறங்கிவந்து தூக்கிவிட்ட பஸ் ஓட்டுநருக்கு நன்றி. கேள்வி கேட்ட என் மனைவிக்கு நன்றி, பதிலுக்காக மன்னிப்பும்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அந்த ஞாயிறு காலை தோடம்பழப் பையோடு ஐந்தாம் மாடிக்கு வந்தவர். கதவைத் தட்டியும் திறக்காததால் எனக்குப் போன் எடுத்தார். உள்ளே இருப்பவர் வயதானவரா, சுகமாக இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நேற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். "ஐயோ" என்பதற்கு அவருடைய மொழியில் என்ன சொல்வார்களோ, அதைச் சொன்னார். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பத்து மாதங்களில் என் அக்காவின் வாசலுக்குச் சாமான் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். அவர் எங்கிருந்தாலும் எங்கள் குடும்பத்தின் நன்றி அவருக்கு.

உடன்பிறந்த தம்பி,
அஜக்ஸ்