கிள்ளைக்கு நான் போட்ட குழாய்கள்

பிஎச்.டி. படித்த காலத்தில் சித்தி அண்ணாமலை நகரில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். குடிதண்ணீருக்காகப் பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்பது அவள் ஆய்வு. கோடை விடுமுறை முழுக்கக் கிள்ளைப் பக்கம் பஸ்ஸில் போய், வீடு வீடாகக் கேள்வி கேட்டுப் படிவத்தில் பென்சிலால் டிக் அடித்தாள். எட்டு வயதுக்காரியான நானும் கூடப் போனேன்.

எல்லா வீட்டுக்கும் போகமாட்டாள். இரண்டு வீடு விட்டு மூன்றாவது வீடு. நாய்க்குட்டி இருந்த ஒரு வீட்டை அவள் தாண்டிப் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

"நமக்குப் புடிச்ச வூட்டுக்கா போனா, நமக்குப் புடிச்ச பதிலாதான்டி வரும்" என்றாள்.

பள்ளி திறப்பதற்குள் வேலை முடிந்தது. ஆவணிக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டால் உடனே கல்யாணம். மாப்பிள்ளை வடலூர்க்காரர்.

சித்தி இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தபோது படிவங்களை எடுத்துப் படித்தேன். எனக்கு முறுக்கு கொடுத்த அம்மாவுக்குக் கைபம்பு என்றும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றும் இருந்தது. பாவமாக இருந்தது. ரப்பரால் அழித்து, வீட்டுக் குழாய், அரை மணி நேரம் என்று போட்டேன். ஒருவருக்கு மட்டும் செய்தால் நியாயமில்லையே. சாயங்காலத்துக்குள் நிறையப் பேர் வீட்டில் குழாய் வந்துவிட்டது.

திரும்பி வந்த சித்தி படிவங்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எதெதுடி மாத்துன?"

எனக்கு நினைவில்லை. சித்தியே அழித்துத் திருத்திய இடங்களும் படிவங்களில் நிறைய இருந்தன. அம்மா என்னை அடிக்க வந்தாள். சித்தி தடுத்தாள்.

"கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்னம்மா? யாரு போயி பாக்கப் போறாங்க?" என்றார் அப்பா.

"எது அவுங்க சொன்னது, எது இவ போட்டதுன்னு எனக்கே தெரியலியே மாமா."

மறு சனிக்கிழமையே புதுப் படிவங்களும் பேனாவுமாகக் கிளம்பினாள். பள்ளி இருந்ததால் இந்த முறை சனி, ஞாயிறு மட்டும் என்னைக் கூட்டிப்போனாள். ஆவணி தாண்டும் என்று தெரிந்ததும் வடலூரில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

கிள்ளையில் ஒரு வீட்டில், "போன வாட்டி கேட்டதுதானம்மா இது? ஆமா, கல்யாணம்னு சொன்னியே, எப்ப?" என்று ஓர் அம்மா கேட்டார்.

"அது நின்னு போச்சுக்கா. தண்ணிக்கு ஒரு நாளைக்கு எத்தினி நட போறீங்க?"

அந்த அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்:

"சித்தி இனிமே எங்க வூட்லயேதான் இருக்கும்!"

இருவரும் சிரிக்கவில்லை. இவ்வளவு நல்ல செய்திக்கு ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.