அண்ணனே வெட்டிய கிச்சிலி மரம்

அண்ணன் நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்றார்கள் வீட்டில். அண்ணன் கடைசிவரை மனத்தில் சுமந்த ஒன்றை விட்டுவிட்டால், இது வேறு யாரையோ பற்றிய கட்டுரை ஆகிவிடும்.

எலவனாசூர்கோட்டையில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அண்ணன். அப்பா சீக்கிரமே காலமானதால் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்தில் நடத்துநரானார். எனக்குத் திருமணம் முடித்த பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். மலைப்பாதையில் யாராவது மூட்டையோடு ஓடி வந்தால், ஓட்டுநர் எவ்வளவு முணுமுணுத்தாலும் அவர்கள் ஏறும்வரை விசில் ஊத மாட்டார்.

அந்தப் பேருந்தில்தான் கிச்சிலி வந்தது. மலைக்காரப் பெண்மணி ஒருவர் கூடையில் கொண்டுவந்த ஆரஞ்சு இனப் பழம். தோல் தடித்து மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒன்றை உரித்தால் பேருந்தே மணக்கும்.

"இத எங்க வூட்ல போட்டா வருமாம்மா?" என்று அண்ணன் கேட்டாராம்.

"போட்டுப் பாருங்க. அதுக்குப் புடிச்சா வரும்."

திருமணத்துக்குப் பின் குடிபோன தியாகதுருகத்து வீட்டுக் கொல்லையில் விதை போட்டார். அது காய்ப்பதற்குள் பல ஆண்டுகள் ஓடின. அதற்குள் கடாரங்காய், பம்பளிமாஸ் என்று அதே இன மரங்களும் பக்கத்தில் சேர்ந்துவிட்டன. ஓய்வு பெற்ற பின், வெளியூர் நாற்றுப் பண்ணையிலிருந்து பார்சலில் ஓர் அபூர்வ எலுமிச்சைக் கன்றை வரவழைத்தார். காய் விரல் விரலாகப் பிரிந்து, பார்க்க ஒரு கை போலவே இருக்கும். அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காபி போட்டு அலுத்துப்போன அண்ணிகூட, அண்ணன் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார்.

பிறகு அந்த எலுமிச்சையின் இலைகள் திட்டுத் திட்டாக மஞ்சளாயின. உரம் போதவில்லை என்று அண்ணன் நினைத்தார். அடுத்து பம்பளிமாஸ் மஞ்சளானது. அதற்குப் பிறகு, வேலிக்கு அப்பால் கோவிந்தனின் எலுமிச்சைத் தோட்டமும். கோவிந்தன் குத்தகைக்காரர், அந்தத் தோட்டத்தை நம்பித்தான் அவர் குடும்பம் இருந்தது.

ஒருநாள் காலை அவர் வேலியோரம் வந்து நின்றார். "அண்ணே, உங்க கொல்லையிலர்ந்துதான் பரவிக்கினு வருது. இன்னா மரத்தக் கொண்டாந்து வச்சீங்க?"

அண்ணன் தோட்டக்கலை அலுவலர் ஒருவரை அழைத்துவந்து இரண்டு பக்கமும் காட்டினார். மருந்துக்குக் கட்டுப்படாத நோய், சின்னப் பூச்சிகள் மரத்துக்கு மரம் பரப்புகின்றன, நோய் கண்டதை அகற்றுவதே வழி என்றார் அவர். பச்சையாகத் தெரியும் மரத்திலும் அது இருக்கலாம். முதலில் எந்தப் பக்கம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் அன்று அங்கே இருந்தேன். அலுவலர் போனதும் அண்ணி சொன்னார்: "யாரால வந்துச்சின்னே தெரியலன்றாரு. நாம எதுக்கு வெட்டணும்? கிச்சிலி நல்லாத்தானே இருக்குது?"

"தெரியலன்றதாலதான் வெட்டணும்" என்றார் அண்ணன். "நம்மளுது இல்லன்னு தெரிஞ்சா நான் ஏன் வெட்டப் போறேன்?"

ஆள் வைக்கவில்லை. எல்லா மரங்களையும் வெட்டத் தாமே அரிவாளை எடுத்தார். கிச்சிலியில் அப்போது பிஞ்சு விட்டிருந்தது. கிளைகளைக் கழிக்கும்போது முள் கிழித்துக் கையெல்லாம் இரத்தம். கோவிந்தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதனால் தோட்டம் பிழைத்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. பிழைக்கவில்லை. கோவிந்தன் குத்தகையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலை தேடிப் போனார். அண்ணன் அதன் பிறகு ஒரு செடியும் வைக்கவில்லை. யாராவது நாற்று கொண்டுவந்து கொடுத்தால், "வேணாங்க, இன்னொருத்தர் வயித்துல அடிக்க நம்மால ஆவாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். நீ காரணமில்லை என்று நாங்கள் சொல்வோம். "உனக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

சிறுநீரகம் பழுதாகி அண்ணன் படுத்துவிட்ட செய்தி எப்படியோ கோவிந்தனை எட்டியிருக்கிறது. கடைசி வாரத்தில் ஒருநாள் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். அண்ணன் அடையாளம் கண்டுகொண்டு, "கோவிந்தா, எம்மேல இன்னும் கோவம் இருக்குதா?" என்று கேட்டார்.

கோவிந்தன் சொன்னார். "இல்லன்னு சொன்னா பொய்யா பூடும்ணே. இருக்குது. ஆனா அந்த மரத்த வெட்டுனப்ப உங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தேன். அதுக்குத்தான் வந்தேன்."

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

அண்ணனின் சிகிச்சையில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதியாக வழியனுப்ப மலையிலிருந்து ஜீப் பிடித்து வந்த பழைய பயணிகளுக்கும், அண்ணியைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட தெருவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. நீங்கள் எல்லோரும் அண்ணன் மேல் இருந்த அன்பினால் வந்தீர்கள். கோவிந்தன் கோபம் தீராமலே வந்து, அண்ணன் பாடைக்குத் தோளும் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை.