கையுறை போட்ட கை

1993இல் திண்டிவனத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் கோலியனூரிலேயே இருந்தால் ஆளாளுக்கு அதையே பேசுவார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான்.

ஆஸ்பத்திரி புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருடையது. இரண்டு பேரும் டாக்டர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். போர்டில் ஐயா பெயர் பெரிதாக இருக்கும், அம்மா பெயர் அதற்குக் கீழே சின்னதாக. ஐயா காய்ச்சல், இருமல் பார்ப்பார். மத்தியானம் தூங்கிவிடுவார். பெஞ்சில் காத்திருக்கும் கூட்டம் முக்கால்வாசி அம்மாவுக்காக வந்தது. ஆனாலும் ஊரில் அது ஐயா ஆஸ்பத்திரி.

என் முக்கியமான வேலை கையுறை. அப்போதெல்லாம் ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற வழக்கம் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவணும். காற்று ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கணும். கொடியில் போட்டுக் காய்ந்ததும் பவுடர் தடவித் துணியில் சுற்றி ஆவியில் வைக்கணும். கொடியில் தொங்கும்போது மாட்டு மடி மாதிரி இருக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு பிரசவம். குழந்தையை எடுத்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"கைய நீட்டு."

நான் நீட்டவில்லை. "நான் தாலி அறுத்தவம்மா."

"அதுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? குழந்தைக்குக் குளிருது. புடி."

பிடித்தேன். பிறகு பழகிவிட்டது. அங்கே பிறந்த குழந்தைகளை எல்லாம் அம்மாவுக்கு அடுத்து நான்தான் வாங்கினேன். ஆயாவுக்குப் புருஷன் இருக்கிறானா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒரு நாள் பவுடர் தடவிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். "நீங்க ஆசப்பட்டா இந்தப் படிப்புப் படிச்சீங்க?"

"டாக்டருக்கு ஆசப்பட்டேன். கண்ணு டாக்டரு ஆகணும்னு. பொம்பளைக்குக் கண்ணு எதுக்கு, பிரசவம் பாருன்னாரு வாத்தியாரு. எங்கப்பாவும் அதையே சொன்னாரு. அப்புறம் இவரும் அதையே சொன்னாரு."

"வருத்தமாம்மா?"

அம்மா மணியைப் பார்த்தார். "தெரியல. அத யோசிக்க நேரமே கெடைக்கல. அடுத்த ஆளக் கூப்பிடு."

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் உரசிச் சூடாக்கிக்கொள்வார். வெறுங்கையால்தான் பார்ப்பார். கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிரசவத்துக்குத்தான் கையுறை.

சில வருஷத்தில் என் மகளை விழுப்புரம் பக்கம் காணையில் கட்டிக்கொடுத்தேன். சொந்த நிலத்தில் கரும்பு போடுகிற குடும்பம். முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே. வளையல் போட்டு என்னிடம் அனுப்பினார்கள். அம்மா கையை உரசிவிட்டு அவள் வயிற்றைப் பார்த்தார்.

"தலை மேல இருக்கு, கால் கீழ. நாள் இருக்கு, திரும்பும். திரும்பலேன்னாலும் நான் இருக்கேன். வேற எங்கயும் போய் அல்லாடாத."

அந்த ஒரு வார்த்தையில் நான் தைரியமாக இருந்தேன்.

பிரசவத்துக்கு முன்னாலேயே ஐயா இறந்துவிட்டார். மத்தியானம் தூங்கப் போனவர் எழவில்லை. ஆஸ்பத்திரியைக் கொஞ்ச நாள் பூட்டி வைத்துத் திறந்தோம். அம்மா அதே புடவை, அதே வெள்ளைக் கோட்டு. பொட்டு எப்போதும் வைத்ததில்லை, அதனால் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கழுத்தில் தாலிச் செயின் மட்டும் இல்லை.

வருகிற பொம்பளைகள் அந்தக் கழுத்தைத்தான் பார்த்தார்கள். உட்கார்ந்திருப்பார்கள். பார்ப்பார்கள். "அப்புறம் வர்றோம்மா" என்று எழுந்து போய்விடுவார்கள். ஒரு கிழவி வாசலில் நின்று மருமகளைத் திட்டியது எனக்குக் கேட்டது. "முழுகாம இருக்கற, மொகத்துல முழிக்கறதே ஆவாது. இவங்க கைல புள்ளய எடுக்கச் சொல்லிக் குடுப்பியா?" எனக்குக் கேட்டது என்றால் அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

சாயங்காலம் அம்மா கேட்டார். "எங்கதான் போறாங்க எல்லாரும்?"

"பஸ் ஸ்டாண்டாண்ட புதுசா ஒரு டாக்டரு வந்துக்கிறாரும்மா."

"ஆம்பளையா?"

"ஆமா."

"ஆம்பள டாக்டரு தொடக் கூடாதுன்னுதான் இவங்க மாமியாருங்கல்லாம் எங்கிட்ட வந்தாங்க" என்றார். "என்னைப் படிக்க வெச்சதே அதுக்குத்தான்."

பெஞ்சைத் துடைத்தேன். துடைக்கும்போது நினைத்தேன், நானும் தாலி அறுத்தவள், என்னைப் பார்த்து ஒருத்தரும் எழுந்து போகவில்லையே. அது எனக்கு மரியாதையா, இல்லையா? விளங்கவில்லை.

மகளுக்கு நாள் நெருங்கியது. குழந்தை திரும்பவில்லை. காணையிலிருந்து சம்மந்தி வந்து இறங்கினாள், கை நிறைய மல்லாட்டை உருண்டையோடு, வேர்க்கடலையை வெல்லம் போட்டுப் பிடித்தது. மகளின் மாமியார். உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"சம்மந்தி, விழுப்புரம் கூட்டிக்கினு போயிடலாம். பெரிய ஆஸ்பத்திரி இருக்குது."

"டாக்டரம்மாவுக்கு இவ உடம்பு தெரியும். கால் கீழ இருக்குதுன்னாங்க."

"அவங்க கை ராசி நல்லதுதான், யாரு இல்லன்னா? இப்ப அந்தக் கையி வேற ஆயிடுச்சி இல்ல. எங்க ஊட்டு மொதப் புள்ள. அவங்க தொட்டு எடுக்கக் கூடாது."

"நானும்தான் தொடுவேன். நானும் அப்படித்தான?"

சம்மந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஆயா. உன்ன யாரு கணக்குல வெச்சா?"

மகள் சுவரோரம் படுத்துக்கொண்டு சொன்னாள். "எம்மா, எனக்கு அவங்கதான் வேணும்."

தாய் வீட்டில் பிரசவம் என்றால் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் பிறந்த பிறகு அவள் வாழப் போகிற வீடு காணை. குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் அந்தக் கை என்பார்கள். விழுப்புரம் போனால் அங்கே யார் பார்ப்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள், தெரியாது. அம்மாவிடமே போய்க் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உனக்கு எது சரியோ செய். போறதுன்னா வலி வர்றதுக்கு முன்னாலயே போயிடு. வலி வந்த பிறகு அவ்ளோ தூரம் கூட்டிக்கிட்டுப் போகாத."

போவதா இருப்பதா என்று நான் நின்றுகொண்டிருக்கும்போதே வலி வந்துவிட்டது, மறுநாள் மத்தியானம். நானும் சம்மந்தியும் அவளை ஆட்டோவில் ஏற்றினோம்.

"எங்க போவணும், ஜல்தி சொல்லுங்க" என்றான் ஆட்டோக்காரன். "டாக்டரம்மாவாண்டதான?"

"பஸ் ஸ்டாண்டுக்கு உடு, விழுப்புரம் பஸ்ஸு புடிக்கணும்" என்றாள் சம்மந்தி.

"இந்த நெலமையில பஸ்ஸா? பேஜாரா பூடும்மா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன், இல்லை ஒன்றும் சொல்லவில்லையா, இன்றைக்கும் நினைவில்லை. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கால்தான் முதலில் வந்தது. அம்மா இழுக்கவில்லை. குழந்தை தானாக இறங்கும்வரை விட்டார். அவர் சொல்லும்போது மகள் முக்கினாள், சொல்லும்போது நிறுத்தினாள். கடைசியில் தலை வரும் நேரம் அம்மா முகம் மாறியது. கை மட்டும் மெதுவாகவே போனது. பெண் குழந்தை. அழ நேரமாயிற்று. அது அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"புடி" என்றார். பிடித்தேன்.

குழந்தையைச் சுற்றி வெளியே கொண்டு வந்தேன். சம்மந்தி வாங்கவில்லை.

"மொதல்ல யாரு தொட்டது?"

"டாக்டரம்மா."

அவள் குழந்தையையே பார்த்தாள். பிறகு பின்பக்கக் கொடியைப் பார்த்தாள். காலையில் கழுவிப் போட்ட கையுறைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"அது இன்னாது?"

"கிளவுசு. பிரசவம் பாக்கறப்போ கைல மாட்டிக்குவாங்க."

"இவளுக்கும் மாட்டிக்கினுதான் பாத்தாங்களா?"

"ஆமா."

"முழுக் கையும் மூடிக்குமா?"

"மூடிக்கும்."

சம்மந்தி முகம் தெளிந்துவிட்டது. "அப்ப கை எங்க பட்டுது? ரப்பருதான பட்டுது! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முதல் நாளிலிருந்து அம்மா கையுறை போட்டுத்தான் பிரசவம் பார்த்தார். அப்படியானால் இந்த ஊரில் ஒரு குழந்தையையும் அவர் தொட்டதே இல்லையா?

சம்மந்தி இதை ஆஸ்பத்திரி வாசலிலும் காணை முழுக்கவும் சொன்னாள். குழந்தை நன்றாக இருந்ததால் அவள் பேச்சை நம்பினார்கள். ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். "கிளவுசு போட்டுக்கினு பாப்பீங்களாமே" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். முதலில் கேட்டபோது அம்மா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. பெஞ்சு நிறைந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அம்மா பட்டாரா, தெரியாது.

அப்புறம் வயிற்றைப் பார்ப்பதற்கும் கையுறை போடச் சொன்னார்கள். அம்மா பழக்கத்தில் கையை உரசுவார். பாதியில் நிறுத்துவார். போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வருவார். "வெறுங்கையா இருந்தா எது தலை, எது முதுகுன்னு கை சொல்லும்" என்றார் ஒரு தடவை. "இப்ப ரெண்டு தடவை கேக்க வேண்டியிருக்கு." அந்தப் பொம்பளைகளிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம். வர்றாங்க இல்ல, அது போதும்" என்றார்.

சில வருஷம் கழித்து என் மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்தாள். இந்தத் தடவை சம்மந்தியே கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். அதற்குள் பாக்கெட் கையுறை வந்துவிட்டது. கழுவுகிற வேலை எனக்குக் குறைந்தது. குழந்தை சுகமாகப் பிறந்தது. சம்மந்தி வெளியே போயிருந்தாள், மகள் அசந்து தூங்கிவிட்டாள். அறையில் நானும் அம்மாவும் குழந்தையும்தான். அம்மா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

என்ன தோன்றியதோ, குழந்தையை அவரிடம் நீட்டினேன். "புடிங்கம்மா. யாரும் இல்ல."

அம்மா குழந்தையைப் பார்த்தார். கை கொஞ்சம் எழுந்தது. உள்ளங்கை இரண்டையும் உரசிக்கொண்டார். பிறகு கையைக் கீழே தொங்கவிட்டார்.

"கை ஈரமா இருக்கு. நீயே வெச்சிரு."

ஈரம் இல்லை. கையுறைப் பவுடர் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

2010க்கு அப்புறம் அம்மா ஆஸ்பத்திரியை மூடிவிட்டுத் தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற வரைக்கும் அவரிடம் நான் கேட்கவில்லை. என் பேரக்குழந்தைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதென்று அப்படிச் சொன்னாரா, ஊர் சொன்னது அவருக்குள்ளும் போய்விட்டதா. முதன்முதலில் என்னிடம் கையை நீட்டு என்று சொன்னவர் அவர்.

அன்றைக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். அம்மா குழாயடிக்குப் போய்க் காய்ந்த கையைக் கழுவ ஆரம்பித்தார்.