ஸ்டெல்லா அக்காவின் பிபி கார்டு

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். இன்று காலை... ஸ்ட்ரோக். வயது நாற்பத்தாறு.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து மிஷின். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன்.

அழுகை வரவில்லை. யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தேன். சர்க்கரை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

தையல் லைனில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தால் முதல் வேலையாக, "எவடி என் சீட்டை ஏத்தி வெச்சவ?" என்று லைன் முழுக்கக் கேட்பார்.

பிபி இருப்பது அவருக்கு முன்பே தெரியும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், பத்து நாள் போட்டார். தலைவலி நின்றது... மாத்திரையும் நின்றது.

"நல்லாத்தானே இருக்கேன். இன்னாத்துக்கு தேவி மாத்திரை?"

போன வருஷம் ஊசியில் நூல் கோக்கும்போது மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்றினார், சரியாகவில்லை. கால் வீங்கியது. உட்கார்ந்தே வேலை செய்கிறோம், அதனால்தான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கண், கிட்னி, ஹார்ட்... மூன்றையும் பிபி கெடுத்திருந்தது.

"ஜாஸ்தி இழுத்த தோலு மாதிரி உள்ள ரத்தக்குழாய்லாம் நைஞ்சி போச்சாம் தேவி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரை தவறவில்லை. உப்பு கம்மி, ஊறுகாய் கிடையாது. கால் வீக்கம் வடிந்தது, பார்வைகூடக் கொஞ்சம் தெளிந்தது. கிட்னியில் போனது மட்டும் போனதுதான். "இருக்கறத காப்பாத்தலாம்மா. முன்னாடியே மாத்திரை போட்டிருந்தா நிறைய காப்பாத்தியிருக்கலாம்" என்றாராம் டாக்டர்.

இன்று அவர் மகள் ஜெனி, பீரோவிலிருந்து அம்மாவின் கம்பெனி ஹெல்த் கார்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"ஆண்ட்டி, வருஷா வருஷம் அம்மாவுக்கு பிபி நார்மல்னுதானே எழுதியிருக்காங்க? அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"

"தெரியலம்மா" என்றேன்.

தெரியும் ஜெனி.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு மெடிக்கல் கேம்ப். பிபி ஜாஸ்தி என்றால் மிஷினிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள், சம்பளம் குறையும். அதனால் ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி போய் உட்காருவது எங்கள் லைனில் வழக்கம். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், வெளியிலிருந்து வரும் நர்ஸ்... கார்டைத்தான் பார்ப்பார்கள், முகத்தை யார் பார்க்கிறார்கள்.

என் கார்டோடு ஒரு தடவை போவேன். அடுத்து அக்கா கார்டோடு ஒரு தடவை. மூன்று வருஷம் இப்படி.

பெரிய உதவி செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அக்கா பஸ் ஸ்டாண்டில் மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தார். நர்ஸை ஏமாற்றியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே தின்றோம்.

அந்தக் கார்டில் இருப்பது உன் அம்மாவின் பிபி இல்லை ஜெனி. என்னுடையது.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நாலு மணிக்கு அடக்கம். நீ படித்துவிட்டு என்னை உள்ளே விடாவிட்டாலும் வாசலில் நிற்பேன்.

போய் வாங்க அக்கா...