சூப்புக்குள் அலுமாரி

லூயிஷாமில் நான் வேலை செய்த சலவைக் கூடத்தில் இருந்த ஒரேயொரு ரேடியோ, கூட வேலை செய்த கொலம்பிய நாட்டுப் பெண்ணுடையது; நான் அவரை அக்கா என்பேன். ஜன்னலோரம் வைத்தால்தான் அலையை இழுக்கும். அங்கே ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிப்பவன் நான். அக்கா மறுகோடியில், இஸ்திரி இயந்திரத்தின் இரைச்சலுக்குள் நிற்பார்.

மத்தியானத்தில் ஒரு மணி நேரம் ஸ்பானிஷ் நிகழ்ச்சி. அவர்களுடைய ஆட்களே சம்பளமில்லாமல் நடத்தினார்கள். பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, விசாவுக்கு உதவுகிற வக்கீல், ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டம், கடைசியில் வாடகை அறைகள். எதையும் ஒரு தடவைதான் வாசிப்பார்கள். தமிழுக்கும் இப்படி ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

அக்கா குடியிருந்த வீடு விலைப்பட்டுவிட்டது. மாதம் முடிவதற்குள் அவரும் சின்ன மகளும் வெளியேற வேண்டும். போன இடமெல்லாம் பிள்ளை என்றதும் இல்லை என்றார்கள். சொந்த ஆட்களிடம்தான் இனி இடம் கிடைக்கும் என்று ரேடியோவை நம்பியிருந்தார்.

“தம்பி, அறை சொன்னால் கூப்பிடு. ‘கொசீனா’ என்று வரும். சமையலறை” என்றார் ஆங்கிலத்தில். ‘தம்பி’ மட்டும் எங்களிடம் பொறுக்கியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சமையலறைக்கு நாங்கள் சொல்லும் குசினி, மேசை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் என்று பாடமாக்கியவன். ஸ்பானிஷ் அதற்குப் பக்கத்து வீட்டு மொழி அல்லவா?

அடுத்த நாளே ‘கொசீனா’ கேட்டது. “அக்கா, குசினி!” என்று கத்தினேன். விரிப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ரேடியோவில் ஒரு பெண் சூப் வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். “சமையலுக்கும் அதே சொல்தான்” என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பக்கத்து மேசையில் மடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் அண்ணை விடவில்லை. “என்னடா தம்பி, அந்த மனுசியைச் சூப்புக்குள்ளயே குடிவைக்கப் போறாய்?”

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அந்தச் சொல். நான் வாயைத் திறக்க, அண்ணை, “இண்டைக்கு மீன் குழம்போ?” என்றார். தயங்கினேன். அதற்குள் ‘மேசா’ வந்தது. பின்னால் ‘அர்மாரியோ’.

“அண்ணை, சூப்புக்குள்ள ஆரும் அலுமாரி போடுவினமோ?”

“போடமாட்டினம்தான். கூப்பிடடா கெதியா!”

அக்கா வந்தபோது டெலிபோன் இலக்கத்தின் பாதி போய்விட்டது. அண்ணை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள, நானும் அக்காவும் வாசலிலிருந்த காசு போடும் போனுக்கு ஓடினோம். ரேடியோ நிலையத்துக்கு அடித்து முழு இலக்கத்தையும் வாங்கினார். உடனே வீட்டுக்காரிக்கு அடித்தார்.

பேச்சு மளமளவென்று போனது. எனக்குத் தெரிந்த ஒரு சொல்லும் அதில் இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரிடத்தில் அவர் குரல் தாழ்ந்தது. மகளைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிந்தது. அந்தப் பக்கத்தில் நெடுநேரம் யாரோ பேசினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

ரிசீவரைக் கையால் பொத்தியபடி என் பக்கம் திரும்பினார்.

“அவளுக்கும் என் மகள் வயசில் ஒரு மகள் இருக்கிறாளாம். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகலாமாம்.”