எல்லையோரத்து மூன்றாம் றாங்

என் சகலனைப் பற்றிப் பேசும்போது எரிச்சல், கோபம் என்றெல்லாம் மரியாதையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பொய். பொறாமை, வேறொன்றும் இல்லை.

அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். மொன்றியலில் நதிக்குத் தெற்கே, கனடா-அமெரிக்க எல்லையை ஒட்டிய பண்ணைகளில் பால் சேகரிக்கும் வண்டி ஓட்டுகிறார். அந்தப் பக்கத்துத் தெருக்களை றாங் என்பார்கள். முதலாம் றாங், இரண்டாம் றாங் என்று சோளக்காட்டுக்குள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேரே ஓடும். கத்தரிக்காய் பிடுங்கவோ, நாட்டுக்கோழி வாங்கவோ அந்தப் பக்கம் போகிற தமிழ்ச்சனம் முழுக்க அவருக்குத்தான் போன் அடிக்கும். நானும் ஓட்டுநர்தான். மொன்றியல் துறைமுகத்திலிருந்து பதினெட்டு வருடமாகக் கொள்கலன் இழுக்கிறேன். என்னிடம் ஒரு குருவிகூட வழி கேட்டதில்லை.

தீபாவளிக்கு ஆறு குடும்பம் சேர்ந்து ஓர் ஆடு பங்கு போடுவோம். பண்ணைக்காரனே வெட்டிப் பையில் போட்டுத் தருவான். யார் போய் எடுத்து வருகிறாரோ அவர் வீட்டில்தான் பங்கு பிரிப்பு. வருடா வருடம் சகலன் வீடு. போன வருடம், நான் எடுத்து வருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

"அத்தானிட்டை ஒருக்கா வழி கேட்டுக்கொண்டு போங்கோவன்" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும்" என்றேன். தெரிந்ததெல்லாம், அவர் யாருக்கோ போனில் சொன்னதை ஒட்டுக்கேட்டது மட்டும்தான். மாதா கோயில் தாண்டி, மூன்றாம் றாங், இடக்கைப் பக்கம்.

துணைக்கு, எங்களோடு தங்கியிருக்கும் மனைவியின் தம்பி வந்தான். முப்பத்து நாலு வயது. அவனுடைய அகதி வழக்கு விசாரணைக்கு ஒரு மாதம்கூட இல்லை. எல்லை தாண்டி ஓர் அடி வைத்தாலும் எல்லாம் போச்சு என்ற பயத்தில் அவன் பாலம் தாண்டி எங்கும் போனதே இல்லை. பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

கோயில் வந்தது. மூன்றாம் றாங்கும் வந்தது. பண்ணையைத்தான் காணவில்லை. ஒவ்வோர் ஊரும் தன் றாங்குகளை ஒன்றிலிருந்து எண்ணுகிறது, பக்கத்து ஊரிலும் கோயிலும் மூன்றாம் றாங்கும் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்? திரும்பினேன், இன்னொன்றில் ஏறினேன், மறுபடி திரும்பினேன். தெற்கா வடக்கா என்றே தெரியவில்லை. அப்போது அவன் போனில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவுக்கு நல்வரவு.

அவன் முகத்தில் இரத்தம் இல்லை. "ஐயோ அத்தான், பெரியத்தானுக்கு ஒருக்கா அடியுங்கோ."

நாங்கள் இரண்டு பேருமே அவனுக்கு அத்தான்தான். அவர் மட்டும் பெரியத்தான்.

"தேவையில்லை. அடுத்த சந்தியிலை திருப்புறன்."

"அத்தான், நிப்பாட்டுங்கோ!"

நான் நிறுத்தவில்லை. அதைச் சொல்ல இப்போதும் நாக்குக் கூசுகிறது. அவன் கதவைத் திறக்கப் போனதும்தான் பிரேக்கை மிதித்தேன். அவன் இறங்கி, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தான், ஓட்டமும் நடையுமாக. நடந்துகொண்டே போன் அடித்தான். நான் காரைப் பின்னுக்கு எடுத்து அவன் பக்கத்தில் நிறுத்தினேன்.

"தம்பி, பக்கத்திலை என்ன தெரியுது?" என்று ஸ்பீக்கரில் சகலனின் குரல்.

"ரெண்டு சைலோக் கோபுரம் பெரியத்தான். ஒண்டு நீலம். ஒரு கறுப்பு நாய் குலைக்குது."

"அது கடிக்காது, சும்மா சத்தம். நீ கனடாவுக்குள்ளைதான் நிக்கிறாய். அங்கை போனுக்கு அமெரிக்கச் சிக்னல் இழுக்கும், எல்லாருக்கும் உந்த மெசேஜ் வரும். எல்லை இன்னும் ரெண்டு றாங் தள்ளி. காரிலை ஏறு, நான் வழி சொல்லுறன்."

நாயைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறார், அறுவான்!

அவர் சொல்லச் சொல்ல ஓட்டினேன். பத்து நிமிடத்தில் பண்ணை. ஏன் போனாய், எப்படிப் போனாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் பங்கு பிரித்தோம். "பாத்தியளே அத்தான், இவர் ஒருத்தரிட்டையும் வழி கேக்காமலே போய் எடுத்துக்கொண்டு வந்திட்டார்" என்று மனைவி பெருமையடித்தாள். சகலன் ஈரலை வெட்டிக்கொண்டே, "ஓம், அவர் கெட்டிக்காரன்தானே" என்றார். குத்தலே இல்லை. ஒரு சின்னக் குத்தல் இருந்திருந்தால் அவரை வெறுக்கவாவது முடிந்திருக்கும். மச்சினன் கையைக் கழுவிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டான்.

விசாரணைக்கு முதல் நாள் அவனிடம், "காலமை எட்டு மணிக்கு வெளிக்கிடுவம், நான் லீவு போட்டிட்டன்" என்றேன்.

அவன் நிலத்தைப் பார்த்தான். "பெரியத்தானிட்டைச் சொல்லிப்போட்டன் அத்தான். அவர் வாறாராம்."

விசாரணைக் கட்டடம் எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் ஐந்து நிறுத்தம். சகலன் லவாலில் இருக்கிற தன் வீட்டிலிருந்து பாலம் தாண்டி வந்து, எங்கள் வாசலில் நின்று ஹோர்ன் அடித்தார்.